கேட்கத் தெரிந்த குழு: மூத்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஒரு வழிகாட்டி

அறுபதை நெருங்குபவர்களும் தாண்டியவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து, நமக்கு நாமே துணையாக இருந்துகொள்வோம் என்று ஒரு குழு தொடங்க நினைத்தால் எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதியோர் இல்லம் பற்றியோ, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பற்றியோ இதில் ஒன்றும் இல்லை. தன்னார்வலர்கள் வந்து உதவிவிட்டுப் போகும் சேவை அமைப்பும் வேறு கதை. இங்கே உதவுபவரும் உதவி பெறுபவரும் ஒரே ஆட்கள்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் பயப்படுவது, உதவ ஆள் கிடைக்குமா என்று. கிடைப்பார்கள், அதில் சிக்கலே வராது. கேட்கத்தான் ஆள் கிடைக்காது. பத்துப் பேர் கூடினால் பத்துப் பேரும் "என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்பார்கள், "எனக்கு இது வேண்டும்" என்று ஒருவர்கூட வாய் திறக்கமாட்டார். வாழ்நாள் முழுக்க வீட்டையும் வேலையையும் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பிறரிடம் கேட்பது கூச்சம், ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் தன்னை முடியாதவராகப் பார்ப்பார்களோ என்ற பயம் வேறு. அதனால் குழுவைக் கட்டும்போதே, கேட்பது சாதாரண விஷயமாகத் தெரியும்படி கட்ட வேண்டும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

இதெல்லாம் வெறும் மனத்திருப்திக்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல் சொல்லலாம். 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உறவுத் தொடர்பு வலுவாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடிருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். இது லட்சக்கணக்கானவர்களை மொத்தமாக வைத்துப் பார்த்த கணக்கு. எங்கள் குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஆட்கள்

மண்டபம் பிடித்து, அறிவிப்பு ஒட்டி, தலைவர் செயலாளர் என்று பதவி பிரித்துத் தொடங்காதீர்கள். பதவி வந்துவிட்டால் பேச்செல்லாம் பதவியைச் சுற்றியே ஓடும். உங்களையும் சேர்த்து மூன்று பேர் போதும், அந்த மூவரும் தலைக்கு ஒன்றிரண்டு பேரை அழைத்துவந்தால் ஏழெட்டு ஆகிவிடும். முதல் ஆறு மாதத்துக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தூரம்: நடந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய தொலைவில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் வண்டியில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார் என்றால் அவரோடு நட்பாக இருங்கள், இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு அடைப்பது போல இருக்கிறது என்றால் ஆம்புலன்ஸை அழைத்த கையோடு கூப்பிட வேண்டியது பக்கத்துத் தெருக்காரரைத்தான்.

இன்னொன்று வயது. எல்லாரும் ஒரே வயதாக இருந்தால் ஆரம்பத்தில் பேச்சு ஜோராக ஓடும், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முட்டி போகும், கண் போகும். ஐம்பத்தைந்தில் ஒருவர், அறுபத்தெட்டில் ஒருவர், எண்பதில் ஒருவர் என்று கலந்திருக்கட்டும். லண்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் 'நியூ கிரவுண்ட்' என்ற கூட்டுக் குடியிருப்பில், ஐம்பதுகளில் இருப்பவர்களும் எண்பதைத் தாண்டியவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். குடியிருப்பு கட்டாத சின்னக் குழுவுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

முதல் சந்திப்பு: ஒரு கொடுக்கல், ஒரு வாங்கல்

முதல் சந்திப்பில் கொள்கை, பெயர், விதிமுறை எதுவும் பேச வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். மேலே "நான் செய்யக்கூடியது" என்று ஒன்று, கீழே "எனக்கு ஆக வேண்டியது" என்று ஒன்று. இரண்டாவது இடத்தைக் காலியாக விடக்கூடாது என்பது மட்டும்தான் விதி.

எப்படியும் ஒருவர் காலியாக விடுவார். "எனக்கு இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாங்க, உங்களுக்கு ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார். அவரைக் கட்டாயப்படுத்தினால் முறுக்கிக்கொள்வார். இப்படிக் கேளுங்கள்: "ஸ்டூல் போட்டு ஏறி, பரண்ல இருந்து எதையாவது எடுத்து எத்தனை நாளாச்சு?" சிரிப்பார். "ஏறுறதில்லைங்க, தலை சுத்துது. அந்தப் பெட்டி ரெண்டு வருஷமா அங்கேயேதான் இருக்கு." சரி, அதுதான் அவருடைய தேவை, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க ஆள், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை இன்னொரு காதாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள், போனில் தானாக மாறிப்போன எழுத்தளவைச் சரிசெய்ய ஆள், இறுக்கமான பாட்டில் மூடியைத் திறக்க ஆள் என்று இந்த அளவில்தான் தேவைகள் வரும். சின்னதாக இருக்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னதைக் கேட்டுப் பழகாதவர் பெரியதை ஒருபோதும் கேட்கமாட்டார்.

குழுவைத் தொடங்கியவர்தான் முதலில் தன் தேவையைப் படிக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் வெட்கப்படக்கூடிய தேவையாக இருந்தால் ரொம்ப நல்லது. இரவில் படியிறங்கப் பயமாக இருக்கிறது, வங்கிப் படிவம் நிரப்பினால் கை நடுங்குகிறது, அந்த மாதிரி. அவர் கெத்தாக உட்கார்ந்துகொண்டு அடுத்தவரைச் சொல்லச் சொன்னால் யாரும் சொல்லப்போவதில்லை.

காலைச் செய்தி

எந்தக் குழுவுக்கும் தொடங்கிய மறுநாளே வேலை கொடுக்கக்கூடிய ஏற்பாடு இது. தனியாக இருப்பவர் விழுந்துவிட்டால் அந்த விஷயம் வெளியே தெரிய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. விழுவதைவிட, விழுந்த இடத்திலேயே நெடுநேரம் கிடப்பது பல சமயம் அதிகக் கேடு.

காலை எட்டரைக்குள் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்தோ ஒரு புள்ளியோ போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் இல்லாதவர் இன்னொருவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். வரவில்லை என்றால் அன்றைக்கு முறை யாருடையதோ அவர் போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. அதற்கும் பதில் இல்லை என்றால் போய்க் கதவைத் தட்டுவார், திறக்கவில்லை என்றால் சாவி வைத்திருப்பவரை அழைப்பார், உள்ளே போய்ப் பார்ப்பதென்றால் இரண்டு பேராகத்தான் போவார்கள். இந்த வரிசையைத் தாளில் எழுதி எல்லார் வீட்டிலும் ஒட்டிவையுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவரவர் விருப்பம், ஆனால் எங்கேயாவது ஒரு சாவி வெளியே இருந்தாக வேண்டும். வெளியே சாவியே இல்லாததும், வெளியூரில் இருக்கும் மகனிடம் சாவி இருப்பதும் ஒன்றுதான்.

இதில் இரண்டு விஷயம் கெடும். பூங்கொத்துப் படம், பொன்மொழி, அரசியல் எல்லாம் அந்தக் குழுவில் வந்து விழுந்து, யார் செய்தி போட்டார் யார் போடவில்லை என்றே தெரியாமல் போய்விடும். அதற்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கண்டிப்பாக. அடுத்தது மறதி: நன்றாக இருப்பவரே செய்தி போட மறந்துவிட்டு, போன் வந்ததும் எரிந்துவிழுவார். விழட்டும். அதற்காக அழைப்பதை நிறுத்தக்கூடாது.

கணக்கு வைக்கலாமா?

நேர வங்கி என்று ஒரு முறை இருக்கிறது. ஒருவருக்கு ஒரு மணி நேரம் உதவினால் உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் ஏறும், பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். எந்த வேலையாக இருந்தாலும் மணி நேரத்துக்கு ஒரே மதிப்புதான். ஜப்பானில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973-இல் ஓசாகாவில் இப்படி ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் இதைப் பரப்பியவர் எட்கர் கான் என்ற வழக்கறிஞர். 1980-இல் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, எல்லாரும் தனக்குச் செய்கிறார்கள், தன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலில் பிறந்த யோசனை என்பதால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும்: வாங்குபவர் கொடுப்பவராகவும் இருந்தால் வாங்கக் கூச்சம் வராது.

ஆனாலும் பதினைந்து பேருக்குள் இருக்கும் குழுவுக்கு மணிக்கணக்கு தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கணக்கு வந்தால் சிலர் சேர்த்துவைப்பதில் இறங்கிவிடுவார்கள், படுக்கையில் விழுந்தவர் கடனாளி போல உணர ஆரம்பிப்பார். அதற்குப் பதில் ஒரு சாதாரண நோட்டு. தேதி, கேட்டவர், என்ன கேட்டார், செய்தவர் என்று நாலு பத்தி. மாதக் கடைசியில் எல்லாரும் செய்தவர் பத்தியைத்தான் பார்ப்பார்கள், யார் நிறையச் செய்தார் என்று. நீங்கள் கேட்டவர் பத்தியைப் பாருங்கள். இரண்டு மாதமாக அதில் ஒரு பெயர் வரவே இல்லை என்றால், அவருக்குத் தேவை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். போய்ப் பார்த்து, மறுபடி பரணில் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்.

எல்லைகள், சண்டை வருவதற்கு முன்பே

இதை இரண்டாவது சந்திப்பிலேயே பேசி எழுதிவிட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு பேசினால் அது விதியாக இருக்காது, ஒருவர் மேல் சொல்லும் குற்றச்சாட்டாக ஆகிவிடும்.

குழுவுக்குள் கடன் கிடையாது, கைமாற்றும் கிடையாது. ஏடிஎம் கார்டு, ரகசிய எண், ஓடிபி எதையும் ஒருவர் இன்னொருவருக்காகக் கையாளக் கூடாது, எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். உயில், சொத்து, பாகப்பிரிவினை விஷயங்களில் குழு தலையிடாது, சாட்சிக் கையெழுத்துக்கும் போகாது. குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, ஊசி போடுவது இதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. எழுபது வயதுக்காரர் எண்பது வயதுக்காரரைத் தூக்கப்போய் இரண்டு பேரும் படுத்துவிட்ட கதையாகிவிடும். விழுந்தவர் வலியில் இருந்தால் தூக்க முயலாமல், போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆம்புலன்ஸை அழைப்பதுதான் குழுவின் வேலை.

அப்புறம் ரகசியம். ஒருவருடைய ஸ்கேன் முடிவு, மருமகளோடு வந்த மனத்தாங்கல், வீட்டுப் பணக்கஷ்டம், இவை அவர் சொன்ன ஆளைத் தாண்டிப் போகக்கூடாது. ஒரு விஷயம் கசிந்துவிட்டால் அதன்பின் அந்தக் குழுவில் பேச்சு இருக்கும், கேட்பது நின்றுவிடும்.

பிள்ளைகளுக்குத் தெரிவித்துவிடுங்கள். சிலர் சந்தேகப்படுவார்கள், சிலர் "அப்பாடா" என்று எல்லாவற்றையும் குழுவின் தலையில் கட்டப்பார்ப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நாங்கள் இதைச் செய்வோம், இதைச் செய்யமாட்டோம், அவசரத்தில் உங்களை இந்த எண்ணில் அழைப்போம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், டாக்டர் பெயர், அழைக்க வேண்டிய இரண்டு எண்கள் எழுதிய தாளைக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைக்கட்டும்.

கூடினால் என்ன செய்வது

வெறுமனே உட்கார்ந்து பேசினால் பேச்சு நோயில் தொடங்கி நோயில் முடியும். நோயைப் பேசவே கூடாது என்று தடை போட்டாலும் நடக்காது. முதல் பத்து நிமிஷம் அதற்கென்று ஒதுக்கி, அதன்பின் வேலைக்குப் போய்விடுங்கள்.

உடலுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சமநிலைப் பயிற்சியைத் தனியாகச் செய்யப் பயமாக இருக்கும். சேர்ந்து செய்யும்போது, சுவரையோ அசையாத நாற்காலியின் முதுகையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் நுனிக்காலும் தொட்டாற்போல் நேர்கோட்டில் நடப்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்துவிடலாம். இதயக்கோளாறு, தலைச்சுற்றல் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூளைக்கு, ஒருவர் தெரிந்ததை மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பது. 1973-இல் பிரான்சில் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் மூன்றாம் வயதினருக்கான, அதாவது ஓய்வுபெற்ற மூத்தவர்களுக்கான, பல்கலைக்கழகம் என்ற ஒன்றைத் தொடங்கினார், அது உண்மையான பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: பேராசிரியர் வேண்டாம், தேர்வு வேண்டாம், உறுப்பினர்களே ஆசிரியர், உறுப்பினர்களே மாணவர். நமக்குச் சரிப்பட்டுவருவது இந்த இரண்டாவது மாதிரிதான். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் பற்றி அரைமணி நேரம் சொன்னால் அதுவே ஒரு வகுப்பு.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டமாக உட்காரவைத்து "மனசில் இருப்பதைப் பேசுங்கள்" என்றால் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தொண்ணூறுகளில் தொடங்கிய ஆண்களுக்கான பட்டறைக் கூடங்கள் இதைப் புரிந்துகொண்டன. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசுவார்கள் என்பது அங்கே வழங்கும் வாசகம். ஒரு உடைந்த நாற்காலியைக் கொடுத்துப் பாருங்கள். ஆணியடிக்கிற சாக்கில் மூட்டுவலி, தூக்கமின்மை, மனைவி போன பிறகு வீடு எப்படி இருக்கிறது எல்லாம் தானாக வெளியே வரும்.

யார் நடத்துவது

ஒருங்கிணைப்பாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். நன்றாகச் செய்பவரையே தொடரச் சொல்லத் தோன்றும், அவரும் தொடர விரும்புவார், அப்புறம் அவர் படுத்தால் குழுவும் படுக்கும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேலில் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையிலிருந்து வரும் வழக்கம். பெரிய அதிகாரியாக இருந்தவர், படிக்காதவர், பணக்காரர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், வட்டமாகச் சுற்றி ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று மாற்றுங்கள், பழைய பதவிப் பெருமை பேசவும் அந்த இரண்டு நிமிஷத்துக்குள்தான் இடம்.

பணம் குறைவாகப் புழங்கினால் நல்லது. சந்தா என்று வைத்தால் எல்லாருக்கும் சமமான, எல்லாராலும் கொடுக்க முடிந்த தொகை, எடுக்க இரண்டு கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் கணக்கு வாசிப்பு. "நம்ம ஆளுதானே" என்று இதை விட்டால் பின்னால் சந்தேகம் வரும்போது நேர்மையானவருக்கும் தன்னை நிரூபிக்க வழி இருக்காது.

ஒருவர் தளரும்போது

குழு தொடங்கும்போது யாரும் பேச விரும்பாத விஷயம் இது. ஒருவருக்கு நடக்க முடியாமல் போகும், இன்னொருவருக்கு நினைவு தப்ப ஆரம்பிக்கும். அப்போது குழு மெல்ல அவரை உதவி பெறுபவர் பட்டியலில் மட்டும் வைத்துவிடும், அவரும் ஒதுங்கிக்கொள்வார். இது நடக்காமல் இருக்க, கொடுக்கும் பக்கத்தில் அவர் பெயர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காலைச் செய்தி யார் போட்டார் யார் போடவில்லை என்று பார்த்து அழைக்கும் வேலையைப் படுத்தபடியே செய்யலாம். வீட்டோடு இருப்பவரிடம்தான் எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் பத்திரமாக இருக்கும்.

நினைவு தப்புபவருக்கு வேறு மாதிரி. அவரைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், கூட்டத்துக்கு ஒருவர் போய்க் கூட்டிவரட்டும், ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூடுங்கள். ஆனால் இரவில் வெளியே கிளம்பிவிடுகிறார், அடுப்பை மறந்துவிடுகிறார் என்ற நிலை வந்துவிட்டால் அது குழுவின் கையை மீறிய விஷயம், குடும்பத்திடமும் டாக்டரிடமும் தாமதிக்காமல் பேச வேண்டும்.

வயதைப் பற்றிய பேச்சிலும் கவனம் வேண்டும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிச் சொல்லியே பலர் ஒன்றையும் முயற்சி செய்யாமல் விடுகிறார்கள். பெக்கா லெவி என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் நீண்டகால விவரங்களை வைத்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூப்பைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டு அதிகம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. அதற்காக எல்லாரும் எப்போதும் உற்சாகமாக நடிக்க வேண்டியதில்லை, அது இன்னொரு தொல்லை.

வெளியே பேசுவது, பெரிதாக வளர்வது

ஒரு வருஷம் ஓடிய குழுவுக்கு வெளியேயும் குரல் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் 33 நகரங்களில் மூத்தவர்களிடமே கேட்டு, முதியோருக்கு ஏற்ற நகரங்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கட்டடம், போக்குவரத்து, வீடு, மருத்துவம் என்று எட்டுத் தலைப்புகள். அத்தனையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நாலு பேர் சேர்ந்து தினமும் போகும் பாதையில் ஒருமுறை மெதுவாக நடந்து, நடைபாதை உடைந்த இடம், உட்கார இடமில்லாத நீளம், கழிப்பறை இல்லாதது, பச்சை விளக்கு அணைவதற்குள் கடக்க முடியாத சாலை என்று குறித்து, படத்தோடு ஒரே பக்க மனுவாகக் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. சேர்ந்து கேட்பதற்கு வலு உண்டு: 65 வயதில் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட மேகி குன் 1970-இல் நாலைந்து தோழிகளோடு தொடங்கியதுதான் அமெரிக்காவின் 'கிரே பேந்தர்ஸ்' என்ற மூத்தவர்கள் உரிமை இயக்கம். 1986-இல் அந்த நாட்டில் பெரும்பாலான வேலைகளில் வயதை மட்டும் காரணம் காட்டி ஓய்வுபெறச் சொல்வது சட்டப்படி நின்றது, அதற்காகப் போராடியவர்களில் அவர்களும் உண்டு.

ஆட்கள் இருபதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். காலைச் செய்தியும் நோட்டும் தனித்தனி, மாதம் ஒரு கூட்டம் மட்டும் சேர்ந்து. இருபதுக்கு மேல் போனால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். இன்னும் பெரிதாக, சந்தா வாங்கி, அலுவலகமும் ஊழியரும் வைத்து நடத்த ஆசைப்பட்டால் பாஸ்டனின் 'பீக்கன் ஹில் வில்லேஜ்' ஒரு மாதிரி. சொந்த வீட்டிலேயே மூப்பெய்த விரும்பிய அக்கம்பக்கத்தார் சேர்ந்து உருவாக்கி 2002-இல் சேவையைத் தொடங்கினார்கள், அதைப் பார்த்து அமெரிக்காவில் பல ஊர்களில் அதே மாதிரி வந்தது. அந்த நிலையில் பதிவு, வரி, பொறுப்புக் காப்பீடு எல்லாம் வரும், ஒரு வழக்கறிஞரையும் கணக்காளரையும் கலந்துகொள்ளாமல் இறங்க வேண்டாம்.

சேர்ந்து வீடு கட்டிக் குடியேறும் யோசனை எந்தக் குழுவிலும் இரண்டாம் மாதமே வந்துவிடும், யாராவது ஒருவர் காலியிடம் பார்த்துவிட்டு வந்து நிற்பார். மேலே சொன்ன நியூ கிரவுண்ட் பெண்கள் 1998-இல் பேச ஆரம்பித்து, 2016-இல்தான் குடிபோனார்கள். 25 வீடுகள், 18 வருஷம், நடுவில் சிலர் இறந்தும் போனார்கள். இடம் பார்க்க வேண்டுமானால் பார்த்துக்கொண்டிருங்கள், காலை எட்டரைச் செய்தியை நாளைக்கே தொடங்கிவிடுங்கள்.